சைக்கிள் இடாப்பு

786
கல்முனைக்குடி
06.10.1985

என் கண்ணுக்குள்ள இருக்கிற மகள் சித்தி லைலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட கிருபையால் இங்க எல்லாரும் சுகம். என்ட முழங்கால் மட்டும் வானம் இருட்டினதும் தன்ட நோவைத் தொடங்கியிட்டுது. அந்தச் சூட்டு நாட்டில் உனக்குத் தலைக்குத்து வாறது குறைஞ்சிருக்கா? உன்ட கடிதம் இருபத்தொரு நாள் எடுத்து வந்தது. வாசலில் நிண்டபடியே வாசிச்சு முடிச்சன்.

இந்தத் தெருவில் ஏ.எல். படிச்ச பெட்டைகள் மூணு பேர் இருக்காங்க. ஆனா அவங்கட உம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் கடிதம் எழுதுவிக்க வாறது என்ட வாசலுக்குத்தான். அஞ்சாம் வகுப்போட நிண்டவதான் நான். போன கிழமை தபால்காரர் என்ட விலாசத்தைப் பாத்திட்டு, "உம்மா, இது அச்சடிச்சதா?" எண்டு கேட்டவர். முத்திரையை ஒட்டிக் குடுத்திட்டுத் தலையை நிமித்திக்கொண்டு வந்திட்டன்.

இப்ப விசயத்துக்கு வாறன். உன்ட மகன் ஹஸன் ஒரு வேலை தொடங்கியிருக்கான். சித்திரையில் நம்மட ஆக்களுக்கும் தமிழ் ஆக்களுக்கும் வந்த பிரச்சினைக்குப் பிறகு அவன்ட கூட்டாளி குணம் நம்மட வீட்டுக்கு வாறல்ல, இவன் பாண்டிருப்புக்குப் போறல்ல. பத்து வருசம் ஒரே வாங்கில் இருந்து படிச்சவனுகள். ரெண்டு கிழமைக்கு முதல் பஸ் நிலையத்தில் ஒருத்தனை ஒருத்தன் கண்டு, முகத்தைத் திருப்பி, பிறகு சிரிச்சு, தேத்தண்ணிக் கடைக்குப் போயிருக்கானுகள். தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள ஒரு முடிவும் எடுத்திட்டானுகள்.

மாரி விடுமுறையில், நம்மட பொடியன்மார் பன்னிரண்டு பேர், தமிழ்ப் பொடியன்மார் பன்னிரண்டு பேர், ஒண்டாச் சேர்ந்து சைக்கிளில் கல்முனையைச் சுத்தி வரணுமாம். கல்முனையில் தொடங்கி காரைதீவுச் சந்தி, சம்மாந்துறை, சவளக்கடை, பிறகு கிட்டங்கித் தாம்போதி, நற்பிட்டிமுனை, பாண்டிருப்பு, திரும்பக் கல்முனை. அவங்கட ஊருக்குள்ளால நம்மட பிள்ளைகள், நம்மட ஊருக்குள்ளால அவங்கட பிள்ளைகள்.

"இது எதுக்கு மகன்?" எண்டு கேட்டன்.

"சனம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துப் பயப்பிடுது உம்மம்மா. இருபத்து நாலு சைக்கிள் ஒண்டாப் போறதைக் கண்டா அந்தப் பயம் கொஞ்சம் விலகும்" எண்டான்.

எனக்கு விலகல்ல, கூடிச்சுது. எண்டாலும் "ஓம்" எண்டு சொல்லியிட்டன். அவன் அப்படிப் பாத்துக்கொண்டு நிக்கக்குள்ள "இல்ல" எண்டு சொல்ல எனக்கு வருகுதில்ல. நீ என்ன சொல்றாய் எண்டு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. அஞ்சு நேரத் துஆவிலும் நீ இருக்கிறாய்.

உம்மா சபியா உம்மா
(சொந்தக் கையால் எழுதியது)

*

குவைத்
28.10.1985

என் உயிரான உம்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம் உம்மா. தலைக்குத்துக்கு நான் வேலை செய்ற வீட்டு மதாம் ஒரு மருந்து தந்திருக்கிறா. உங்கட முழங்காலுக்குத் தைலம் வாங்கி வச்சிருக்கன், ஊருக்கு வாற ஆள் கிடைச்சா அனுப்புவன்.

உங்கட கடிதத்தைக் குசினிக்குள்ள வச்சு வாசிச்சன். வாசிச்சு முடிச்ச கையோட இதை எழுதுறன். உம்மா, அவனை விடாதீங்க.

அடுத்த வீட்டில் சாய்ந்தமருதுச் சரீபா வேலை செய்றா. வெள்ளிக்கிழமை குப்பை கொட்டப் போகக்குள்ள மதிலால கதைப்பம். அவட தம்பி சந்தியில் நாலு பேரோட நிண்டவனாம். மூணு நாள் அதிரடிப்படைக் கேம்பில் வச்சிருந்து விட்டாங்களாம். நாலு பேர் நிண்டதுக்கே அப்படி எண்டா இருபத்து நாலு பேர் சைக்கிளோட போனா? ரெண்டு சாதிப் பொடியன்மாரும் சேர்ந்து எண்டா இன்னும் சந்தேகப்படுவாங்க.

மார்கழியில் கிட்டங்கித் தாம்போதி எப்படி எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. றோட்டுக்கு மேலால ஆறு பாயும். ஹஸனுக்கு ஆறு வயசில் அவன்ட வாப்பா அதில் சைக்கிளோட சரிஞ்சு, தெய்வாதீனமாப் பிடிச்சு ஏறினவர். இப்ப அவருமில்ல. எனக்கு இருக்கிறது அந்த ஒருத்தன்தான். அவனுக்காகத்தான் நான் இந்த இரும்புக் கேற்றுக்குள்ள இருக்கன்.

அவனுக்குக் கோவம் வந்தா வரட்டும். என்ட பேரைச் சொல்லித் தடுங்க.

கண்ணீரோட சலாம்.
உங்கட மகள் லைலா

*

786
கல்முனைக்குடி
17.11.1985

என் செல்ல மகளுக்கு,

சலாம். சுகம். நீயும் சுகமா இருக்க அல்லாஹ் போதுமானவன். மழை வெளிச்சிட்டுது, கிணறு வாய் வரைக்கும் நிறைஞ்சு கிடக்கு.

நீ எழுதினதை ஹஸனுக்கு வாசிச்சுக் காட்டினன். தலையைக் குனிஞ்சுகொண்டு கேட்டான். பிறகு, "தாம்போதியில் தண்ணி முழங்காலுக்கு மேல நிண்டா அங்கால போக மாட்டம், திரும்பி வருவம். உம்மாட்டச் சத்தியம் எண்டு எழுதுங்க" எண்டான். எழுதியிட்டன்.

பள்ளிவாசல் மரைக்கார் சீனிமுகம்மது காக்காவிட்டயும் கேட்டாச்சு. "நல்ல விசயம்தான், நான் முன்னுக்கு நிக்க மாட்டன், பின்னுக்கு நிக்கிறன்" எண்டார். அந்த மனிசன் எப்பவும் அப்படித்தான்.

திகதி மார்கழி 28 (28.12.1985), சனிக்கிழமை. ஹஸன்ட எழுத்து உனக்குத் தெரியும், டொக்டர்மார் மருந்துக்கு எழுதுற மாதிரி. அதனால சவாரிக்குப் போறவங்கட பேர் இடாப்பு எழுதுற வேலை எனக்கு வந்தது. மூணு தாள் எழுதினன். ஒண்டு நம்மட வீட்டில், ஒண்டு குணத்திட்ட, ஒண்டு மரைக்காரிட்ட. பேர், வயசு, ஊர், சைக்கிள் இலக்கம், எந்தச் சந்திக்கு எத்தனை மணி, எந்தப் பாலத்துக்கு எத்தனை மணி, முன்னுக்கு ஆர், பின்னுக்கு ஆர். ஒரு வெட்டு இல்ல, ஒரு திருத்தம் இல்ல. முதல் பேர் குணம், ரெண்டாவது ஹஸன். ஆர் முதல் எண்டு ரெண்டு பேரும் சண்டை. "நீ போடு", "இல்ல நீ போடு" எண்டு. கடைசியில் நான்தான் போட்டன்.

குணத்தின்ட அம்மா செல்லத்தங்கமும் வந்தவ, ஏழு மாசத்துக்குப் பிறகு. ஒரு பை நிறைய மரவள்ளிக்கிழங்கு. வாசலிலேயே நிண்டா.

"உள்ளுக்கு வா செல்லத்தங்கம். புது ஆளா நீ?"

"இல்ல ராத்தா, நீங்க கூப்பிடுறீங்களா எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன்."

"கூப்பிட்டாத்தான் வருவாயோ? பெரிய இடத்துப் பொம்பளை!"

பிறகு ரெண்டு பேரும் அழுதம். அதை எழுதத் தேவையில்ல.

போகக்குள்ள கேட்டா, "ராத்தா, உங்களுக்குப் பயமில்லையா?" "இல்ல" எண்டன். பொய்.

துஆவோட,
உம்மா சபியா உம்மா
(சொந்தக் கையால் எழுதியது)

உம்மா, நான் ஹஸன். பயப்பிடாதீங்க. கடைசியில் வாற சின்னப் பொடியனுக்குப் பிரேக் இல்ல, செருப்பை டயரில் வச்சுத்தான் நிப்பாட்டுவான். அவனுக்கு மட்டும் பயப்பிடுங்க போதும். சலாம்.

*

குவைத்
06.12.1985

உம்மாவுக்கு,

சலாம். சுகம்தானே? நானும் சுகம் எண்டு எழுதுறன்.

உம்மா, சவாரியை விட எனக்கு இப்ப அந்த இடாப்புத்தான் பயமாக் கிடக்கு. பேர், ஊர், மணி, பாலம் எண்டு எல்லாத்தையும் எதுக்கு ஒரு தாளில் எழுதினீங்க? சவாரிக்குப் போற பொடியன்மாருக்கு வழி தெரியாதா? பாலங்களுக்குக் குண்டு வைக்கிற இந்தக் காலத்தில், பாலத்துக்கு மணி போட்ட தாள் ஒருத்தன்ட சேட்டுப் பைக்குள்ள இருந்தா, மறிச்சுப் பாக்கிறவன் அதை என்ன எண்டு நினைப்பான்?

சரீபாவுக்கு இதைச் சொன்னன். அவ கையால் வாயைப் பொத்தினா.

இந்தக் கடிதம் கிடைச்ச உடன மூணு தாளையும் வாங்கி அடுப்பில் போடுங்க. இதை எழுதுறபோது உங்கட மனசு நோகும் எண்டு தெரியும். நோகட்டும். இது உங்களிட்டப் போய்ச் சேர மூணு கிழமை எடுக்குமே எண்டு நினைக்க எனக்கு இருப்புக் கொள்ளுதில்ல.

ஹஸனுக்கு முத்தம்.
லைலா

*

786
கல்முனைக்குடி
26.12.1985

மகளுக்கு,

சலாம். நாங்க சுகம்.

மழை கடுமை. கிட்டங்கியில் தண்ணி இடுப்பளவு பாயுது. அதனால சவாரி இல்ல. ஹஸன் சம்மாந்துறைக்கு, றபீக்கா சாச்சி வீட்டுக்கு வயல் வேலைக்குப் போயிருக்கான். வரக் கொஞ்ச நாள் எடுக்கும்.

என்ட பழைய கடிதங்களை நீ சேர்த்து வச்சிருந்தா எரிச்சிடு. பேர்கள் எழுதின கடிதங்களை ஒண்டும் வைக்காத. தாள் கிடந்தா பூச்சி வரும்.

வேற விசேசம் இல்ல.

உம்மா

*

குவைத்
15.01.1986

உம்மாவுக்கு,

சலாம். சுகம் கேக்க எனக்கு வாய் வருகுதில்ல.

உங்கட கடிதம் பத்து வரி. நீங்க எனக்குப் பத்து வரியில் எழுதினதில்ல. ஹஸன்ட கையெழுத்தில் ஒரு சொல்லும் இல்ல. அவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது, அவனை வயல் வேலைக்கு அனுப்பினதா எழுதியிருக்கீங்க. "சொந்தக் கையால் எழுதியது" எண்டு கீழ போடவும் இல்ல.

எரிக்கச் சொன்னதும் நான் எரிச்சிட்டன். எல்லாத்தையும். ஏன் எண்டு கேக்காம, மதாம் தூங்கக்குள்ள குளியலறையில் வச்சு எரிச்சன். எரியக்குள்ளதான் யோசிச்சன், பூச்சிக்குப் பயந்து கடிதம் எரிக்கிற ஆள் என்ட உம்மா இல்லயே எண்டு.

நேத்துச் சரீபாவுக்கு ஊரில் இருந்து கடிதம் வந்தது. பாண்டிருப்பில் குணம் எண்டு ஒரு பொடியனைக் கொண்டு போயிட்டாங்களாம். நம்மட குணமா உம்மா? ஹஸன் எங்க? உயிரோட இருக்கானா? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் எழுதுங்க. மத்ததை நான் தாங்குவன்.

லைலா

*

786
கல்முனைக்குடி
02.02.1986

என் மகளே,

சலாம். முதலில் உன்ட கேள்விக்குப் பதில். ஹஸன் உயிரோட, காயம் ஒண்டும் இல்லாம, றபீக்காட வீட்டில் இருக்கான். வயலுக்குப் போகல்ல. பின்னறையில் இருக்கான். இனி உனக்கு மறைச்சு எழுத என்னால ஏலா.

மார்கழி 19, வியாழக்கிழமை விடிய பாண்டிருப்பை அதிரடிப்படைக்காரர் சுத்தி வளைச்சாங்க. குணத்தின்ட சேட்டுப் பைக்குள்ள நான் எழுதின இடாப்பு இருந்திருக்கு. பின்பக்கத்தில் ஹஸன் பாதையும் பாலங்களும் கீறியிருந்தான். நீ கேட்ட கேள்வியையே அவங்களும் கேட்டிருக்காங்க, பாலத்துக்கு எதுக்கு மணி எண்டு. உன்ட கடிதம் வந்தது 24ஆம் திகதி. அஞ்சு நாள் பிந்தியிட்டுது. மத்த ரெண்டு தாளையும் உடன எரிச்சன். மூணாவது அவங்கட கையில்.

சைக்கிள் சவாரி எண்டு குணம் சொல்லியிருக்கான். "அப்ப இதை எழுதினது ஆர்?" எண்டு கேட்டிருக்காங்க. இடாப்பில் உள்ள ஹஸன் எந்த வீட்டுப் பிள்ளை எண்டு அவங்களுக்குத் தெரியா. என்ட பேரைச் சொன்னா நேரா அவனிட்ட வருவாங்க எண்டு, "நான்தான் எழுதினன்" எண்டிருக்கான். ஒரு தாளைக் குடுத்து எழுதச் சொல்லியிருக்காங்க. எழுத்து ஒத்துவரல்ல. அதோட அவன் பொய் சொல்றவன் ஆகியிட்டான். அதுக்குப் பிறகு ஒரே கேள்விதான், எழுதினவன் ஆர்? மரைக்காரும் ரெண்டு மூணு பெரிய மனிசரும் கேம்புக்குப் போய்ப் பாத்தாங்க. "இவ்வளவு திருத்தமா எழுதுறவன் சின்ன ஆள் இல்ல, அவன்தான் இதுக்குத் தலைவன். அவனைக் கொண்டு வாங்க" எண்டு சொல்லி அனுப்பியிருக்காங்க. என்ட எழுத்தை எத்தனையோ பேர் மெச்சியிருக்காங்க மகள். மெச்சினதைக் கேட்டு நான் நடுங்கினது இதுதான் முதல்.

போன கிழமை செல்லத்தங்கம் வந்தா. இருக்கச் சொன்னன், இருக்கல்ல.

"ராத்தா, அதை எழுதினது நீங்கதானே?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்ல. எழுதின அண்டைக்கே என்ட புள்ள கொண்டுவந்து காட்டினவன், ஹஸன்ட உம்மம்மாட எழுத்தைப் பாருங்க அம்மா எண்டு. ரெண்டு வியாழன் போய் அவனைப் பாத்திட்டன். கண் வீங்கிக் கிடக்கு. உங்கட பேரைச் சொல்றானில்ல."

"நான் போனா ஹஸன் எங்க எண்டு கேப்பாங்களே, செல்லத்தங்கம்."

"கேப்பாங்கதான்" எண்டா. "என்ட புள்ளையக் குடுத்துத்தான் உங்கட புள்ளைய வச்சிருக்கீங்க ராத்தா. அது உங்களுக்குத் தெரியணும் எண்டுதான் வந்தனான்."

தேத்தண்ணியைத் தொடாமப் போயிட்டா.

நான் போகல்ல. நாற்பத்தஞ்சு நாள் ஆகுது, இன்னும் போகல்ல. ஜீப் சத்தம் கேட்டா எழும்பி நிக்கிறன், போனதும் இருக்கிறன். ஹஸன் ரெண்டு தரம் தானே போறன் எண்டு புறப்பட்டவன். றபீக்கா அவன்ட சைக்கிளைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டியிருக்கா.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நான் உனக்கு எழுதின கடிதங்கள் இருந்தாப் போதும். திகதி, முத்திரை எல்லாம் இருக்கும், சவாரி எண்டதுக்கு அதை விடச் சாட்சி வேற இல்ல. எரிக்கச் சொன்னதும் நான்தான். ஒண்டாவது தப்பியிருந்தா உடன அனுப்பு.

உம்மா

*

குவைத்
22.02.1986

உம்மாவுக்கு,

சலாம். ஹஸன் சுகம் எண்ட வரியை மட்டும் நூறு தரம் வாசிச்சன்.

ஒண்டும் தப்பல்ல உம்மா. சாம்பலையும் தண்ணி ஊத்திக் கழுவியிட்டன்.

நீங்க போகாதீங்க. அல்லாஹ்வுக்காகப் போகாதீங்க. செல்லத்தங்கம் அக்காட கண்ணீர் எனக்குத் தெரியாமலில்ல. ஹஸன் பிறந்து எனக்குக் காய்ச்சல் வந்து கிடக்கக்குள்ள ரெண்டு கிழமை அவதான் வந்து சமைச்சுத் தந்தா. எண்டாலும் நான் இதை எழுதுறன். எனக்கு ஒருத்தன்தான். நீங்க அந்தக் கேம்புக்குள்ள போனா அவங்க உங்களை விட்டுட்டு அவனைக் கேப்பாங்க. குணத்துக்கு வேற வழி இருக்கும். லோயர் வைக்கலாம், மரைக்கார் திரும்பப் போகலாம்.

என்னை நீங்க என்னவும் நினைங்க. போகாதீங்க.

லைலா

*

786
கல்முனைக்குடி
04.03.1986

என் மகளே,

சலாம். நான் சுகம். உன்ட பதில் இன்னும் வரல்ல. வரும் வரும் எண்டு பாத்தன். வந்தா நான் போக மாட்டன் எண்டு தெரிஞ்சதும், வர முதல் போயிட்டன்.

போன வியாழன் செல்லத்தங்கத்தின்ட வாசலுக்குப் போய், "வா, போவம்" எண்டன். அவ உடுத்த சீலையோட வந்தா. பஸ்ஸில் அவ தன்ட சாமியைக் கூப்பிட்டா, நான் ஆயத்துல் குர்ஸி ஓதினன். இறங்கும் வரைக்கும் அவட கை என்ட கையை விடல்ல.

கேம்பில் அவங்கட பெரியவர் ஒருத்தர், பக்கத்தில் தமிழ் தெரிஞ்ச ஒருத்தர். "இதை எழுதினது நான்தான். பிள்ளைகளின்ட சைக்கிள் சவாரி" எண்டன். தமிழ் தெரிஞ்சவர் சொல்ல, அறையில் இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. "எத்தனையாம் வகுப்பு?" "அஞ்சு." திரும்பவும் சிரிப்பு. கதிரையில் இருத்தி, மேசையில் தாளை வச்சு, எழுது எண்டாங்க. பிஸ்மி சொல்லிப் பேனையைத் தொட்டன். கை நடுங்கின நடுக்கத்தில் அது என்ட எழுத்தில்ல, கோழி கிளறின குப்பை. "கிழவி, உன்னை அனுப்பினது ஆர்?" எண்டு கேட்டு வெளியில் விட்டாங்க.

பஸ்ஸுக்கு நிக்கக்குள்ள செல்லத்தங்கம், "காணும் ராத்தா, நீங்க வந்ததே போதும்" எண்டா. எனக்குக் காணாது. பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். என்ட எழுத்தை என்ட எழுத்தில்ல எண்டுட்டாங்களே.

திங்கக்கிழமை திரும்பப் போனன். "கதிரையில் இருந்து எழுதி எனக்குப் பழக்கமில்ல. நிலத்தில் இருந்து, மடியில் பலகை வச்சுத்தான் எழுதுவன்" எண்டன். பெரியவர் ஒரு தகரப் பெட்டிட மூடியைக் கொண்டுவரச் சொன்னார். சீமெந்து நிலத்தில் முழங்காலை மடிச்சு இருந்தன். நோவு உச்சிக்கு ஏறிச்சுது. அந்த நோவில்தான் நடுக்கம் அடங்கினது.

முதல் பேர் குணம். எழுதினன். வடிவா வந்தது.

ரெண்டாவது பேர் வந்தது. விட்டுட்டு மூணாவதுக்குப் போனா அவங்களுக்கு விளங்கும். எழுத்தைக் கெடுத்து எழுதினா குணம் உள்ளுக்கே கிடப்பான். நல்லா எழுதினா என்ட பேரப்பிள்ளையை என்ட கையால அவங்களுக்குக் குடுக்கிறன். பேனையைத் தூக்கி வச்சுக்கொண்டு இருந்தன் மகள். வெளியில் செல்லத்தங்கம் இருமுறது கேட்டது. எழுதினன். அவனுக்கு முதல் முதல் மணலில் எழுதிக் காட்டின மாதிரி, ஒவ்வொரு சுழியும் சரியா, "ஹஸன்" எண்டு எழுதினன்.

இருபத்து நாலு பேரும் மனப்பாடம். எழுதி முடிய பெரியவர் ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பாத்தார். ஒருத்தரும் சிரிக்கல்ல.

அசர் தொழுகை நேரத்துக்குப் பிறகு குணத்தை விட்டாங்க. அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு நடந்து வந்தான். வலது கையில் மூணு விரல் மடங்குதில்ல. என்னைக் கண்டு சிரிக்கப் பாத்தான். "உம்மம்மா, அடுத்த தரம் கொஞ்சம் கிறுக்கி எழுதுங்க" எண்டான். செல்லத்தங்கம் அவன்ட தலையில் ஒரு தட்டுத் தட்டி, அந்தத் தட்டின கையால அவன்ட முகத்தை மூடிக்கொண்டு அழுதா.

மகள், மத்ததையும் எழுதுறன். ரெண்டு தாளும் அவங்கட மேசை லாச்சிக்குள்ளதான் இருக்கு. நான் வெளிக்கிடக்குள்ள பெரியவர் கேட்டார், ரெண்டாவது பேர் உன்ட பேரப்பிள்ளையா எண்டு. "ஓம்" எண்டன். எங்க எண்டு கேட்டார். வேலை தேடிப் போனவன், இடம் தெரியாது எண்டன். "வந்தாக் கொண்டு வா, கதைக்கணும்" எண்டார். கோவமில்லாமத்தான் சொன்னார். அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் காதுக்குள்ள.

இடாப்பில் உள்ள பொடியன்மார் ஒருத்தரும் இப்ப ஊரில் இல்ல. ஆர் எங்க எண்டு ஆருக்கும் தெரியா. தெரிஞ்சவங்களும் சொல்றதில்ல.

என்னை ஏசாத.

உம்மா

*

குவைத்
24.03.1986

என் உம்மாவுக்கு,

சலாம். நீங்க சுகமா இருக்கணும். உங்கட முழங்காலைத் தடவி விட நான் பக்கத்தில் இல்ல.

போகாதீங்க எண்டு நான் ஒரு கடிதம் எழுதினன். அது வந்திருந்தா வாசிக்க வேணாம். வாசிச்சிருந்தா மறந்திடுங்க. குணத்தின்ட விரலுக்கு என்ன மருந்து எண்டு எழுதுங்க. சரீபாவும் நானும் சேர்ந்து அனுப்புறம்.

ஹஸனை இனி ஒரு நாளும் அங்க வைக்க ஏலா. சரீபாட முதலாளிக்குச் சாமான் கடை ஒண்டு இருக்கு. ஒரு ஆள் எடுக்கிறாராம். அவரிட்டக் கெஞ்சி விசாவுக்குச் சம்மதம் எடுத்திருக்கன். ஹஸன்ட விபரம் எல்லாம் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ளபடி, ஒரு எழுத்தும் மாறாம வேணும். முழுப்பேர், பிறந்த திகதி, இடம், வாப்பாட பேர், உடம்பில் உள்ள அடையாளம். அந்தப் பத்திரத்தின்ட கொப்பியும் வேணும். எழுத்து விளங்காட்டி கடைக் கிளாக்கர் திருப்பி அனுப்புவாராம். நீங்கதான் எழுதணும் உம்மா. உடன எழுதுங்க. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு வருசம்.

லைலா

*

கல்முனைக்குடி
11.04.1986

மகளுக்கு,

சலாம். சுகம்.

ரெண்டு கடிதமும் வந்தது. போகாதீங்க எண்டதையும் வாசிச்சன். உன்ட இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பன். அதை நினைச்சு மனசைப் போட்டு உழக்காத.

குணத்தின்ட கைக்கு நாட்டு வைத்தியர் எண்ணெய் கட்டுறார். கஞ்சிக் கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிக்கிறான். செல்லத்தங்கம் நாளைக்கு ஒரு தரம் வந்து போறா. சவாரியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்ல.

முந்தநாள் ஒரு ஜீப் நம்மட தெருவுக்குள்ள வந்து, முக்கில் நிண்டு, போச்சுது. எதுக்கு வந்தது எண்டு தெரியா. அவனை றபீக்காட வீட்டில் இருந்து வேற இடத்துக்கு மாத்தியாச்சு. எந்த இடம் எண்டு எழுத மாட்டன். விசாவைக் கெதியாப் பாரு.

நீ கேட்ட விபரம்:

பிறந்த திகதி: 14.08.1967
பிறந்த இடம்: கல்முனை
வாப்பாட பேர்: அப்துல் ஸமட் (மர்ஹூம்)
அடையாளம்: இடது புருவத்துக்கு மேல ஒரு தழும்பு
முழுப்பேர்:

பேருக்கு இடம் விட்டிருக்கன். பத்திரத்தின்ட கொப்பி உள்ளுக்கு இருக்கு, அதைப் பாத்து நீ எழுது. லுஹருக்குப் பிறகு ஒரு தரம், அசருக்குப் பிறகு ஒரு தரம், இப்ப ஒரு தரம் பேனையை வச்சுப் பாத்திட்டன். கை போகுதில்ல மகள். அந்த இடத்தில் ஒரு புள்ளி கிடக்கும், அது நான் பேனையை வச்ச இடம். அதுக்கு மேலால எழுதிக்கொள்.

உன்ட உம்மா